மல்லாட்டைக் கொல்லையில் நின்றவன்

தம்பி, இதைப் பிரித்த கையோடு போனை எடுக்காதே. முழுதாகப் படி. போனில் என்றால் நீ பேசுவாய், நான் உம் கொட்டுவேன், கடைசியில் நீ சொன்னதே சரி என்று ஆகி நிற்கும். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், ஒரு வரி இன்னொரு வரியின் தலைமேல் ஏறியிருக்கும். கண்ணில் நடுப்பார்வை போனவள் எழுதினால் அப்படித்தான் இருக்கும். தடித்த ஸ்கெட்ச் பேனாவால், பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், தலையைத் திருப்பிக் கடைக்கண்ணால் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். இடது கையில் மாவுக்கட்டு. தாள் பறக்காமல் இருக்க அந்தக் கட்டையே பாரமாக வைத்திருக்கிறேன், அதற்காவது உதவுகிறது. கட்டுப் பிரித்ததும் காரோடு வருகிறேன், பெங்களூருக்குக் கிளம்பத் தயாராக இரு என்று சொல்லியிருக்கிறாய். நான் வருகிறேனா இல்லையா என்று சொல்வதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பெற்ற பிள்ளையிடம் அதைக் கேட்க இவ்வளவு தூரம் சுற்றி வர வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு எரிச்சல்.

நீ விழுப்புரத்தில் காலேஜ் படித்த நாட்களிலிருந்து தொடங்குகிறேன். சனிக்கிழமைகளில் திண்டிவனத்தில் பஸ் மாறி வீட்டுக்கு வருவாய். அழுக்குத் துணி மூட்டையோடு ஏதாவது ஒரு கேள்வியையும் கொண்டுவருவாய். படித்தது கணக்கு, பேசியதெல்லாம் வேறு. ஹாஸ்டலில் யாரோ கொடுத்த புத்தகத்தைப் படித்துவிட்டு, நான் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தபோது அடுப்படியில் வந்து நின்றுகொண்டு, நாம் பார்க்கிறதெல்லாம் நிஜமாகவே இருக்கிறது என்று யாராலும் நிரூபிக்க முடியாது என்றாய். இந்த அடுப்பு, இந்தச் சட்டி, எதிரில் நிற்கிற நான், எல்லாமே உன் கனவாக இருக்கலாம் என்றாய். கனவென்றால் சுடுமா என்று கேட்டேன். "கனவுலயும் சுடும்மா. சுடறப்ப அது கனவுன்னு தெரியாது, அவ்ளோதான்" என்றாய். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. களி அடிப்பிடித்தது. உன் அப்பா வந்து என்ன தீய்ந்த வாசனை என்று கேட்டார். நீ அவரிடமும் அதையே ஆரம்பித்தாய். அவர் பொறுமையாகக் கேட்டார், தலையைக்கூட ஆட்டினார். மறுநாள் காலையில் உன்னை மல்லாட்டை, இப்போது நீ வேர்க்கடலை என்கிறாயே, அதைப் பிடுங்கக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். வெயில் ஏறியதும் முதுகு வலிக்கிறது, கை எரிகிறது என்று நீ நிமிர்ந்தாயாம். "கனவுதான, குனி" என்றாராம். தெருவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வியை நான் விடவில்லை. துணி துவைக்கும்போது, மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது, அதை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். உன் அப்பா சொன்னது பதிலே இல்லை என்று எனக்குத் தெரியும். வெயிலில் குனிந்து மல்லாட்டை பிடுங்குவதும் கனவுக்குள்ளேயே நடக்கலாம் அல்லவா. நம் பிள்ளை எவ்வளவு பெரிய விஷயத்தையெல்லாம் யோசிக்கிறான் என்று எனக்குப் பெருமை தாங்காது. நான் உன் கட்சியில்தான் இருந்தேன்.

உன் அப்பா போன பிறகு அந்தக் கேள்வி என் வாசலுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் பார்க்கிற இடத்தின் நடுவில் ஒரு கறை விழுந்தது. பேசுகிறவரின் காது தெரியும், தோள் தெரியும், முகம் தெரியாது. வயசாகிறது என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு நாள் காலையில் வாசல் தெளிக்கப் போனால் வாசல் நிறையப் பந்தி. ஆம்பளைகள் வெள்ளை வேட்டி கட்டி, தலையில் பச்சையும் சிவப்புமாக முண்டாசு கட்டி, வரிசையாக இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். இலையில் சோறு இல்லை. ஒருவரும் பேசவில்லை, ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. யார் வீட்டுக் கல்யாணம், யாரைக் கேட்டு என் வாசலில் உட்கார்ந்தீர்கள் என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அஞ்சலை ஓடிவந்தாள். வந்தவள் பந்தியின் நடுவிலேயே நின்றுகொண்டு, இன்னாக்கா, யாரை வையிற என்று கேட்டாள். தண்ணி வாளியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஊரில் என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். திருவக்கரைக்குப் போய் அம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை போடு என்றார்கள். போட்டேன். அங்கே கல்லாகிப்போன கல்மரம் கிடக்கிற இடத்துக்கும் போய் ஒரு கட்டையின்மேல் கை வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு மரம், கைக்குக் கல். சரி, கண்ணைவிடக் கையை நம்பலாம் போல என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். பந்தி மட்டும் கலையவில்லை.

பிறகு நீ வந்து பாண்டிச்சேரியில் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாய். அந்த டாக்டரம்மா நல்ல மாதிரி. இது பைத்தியம் இல்லை, பேயும் இல்லை, கண் படம் அனுப்புவதை நிறுத்திவிட்டதால் மூளை சும்மா இருக்க முடியாமல் தானாகப் படம் போட்டுக்கொள்கிறது என்றார். அடையாளமும் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் சத்தம் போட மாட்டார்கள். பெரும்பாலும் தெரியாத முகங்களாகத்தான் வருவார்கள், சொந்தக்காரர் யாரும் வருவது அபூர்வம். பயப்படாமல் நேராக அவர்களைப் பார்த்து நடந்தால் போய்விடுவார்கள். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டாய். ஒன்றுகூட விடாமல் கேட்டாய், அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

அப்போதுதான் நீ அந்த ஏற்பாட்டைச் செய்தாய். பெரிய திரை வைத்த போன் வாங்கிக்கொடுத்தாய். அதில் முன்னாலேயே உன் படம், அதை அமுக்கினால் உனக்கு வீடியோ வரும். "எது தெரிஞ்சாலும் எனக்குப் போடும்மா. உன் மூளை போடற படம் கேமராவுக்குத் தெரியாது. நான் பாத்துட்டு இருக்குது, இல்லன்னு சொல்றேன்" என்றாய். நான் அப்படியே செய்தேன். வாசலில் புதுசாக ஒரு சுவர் நிற்கும். போனைத் திருப்பிக் காட்டி, இது இருக்குதா தம்பி என்று கேட்பேன். இல்லம்மா, தாராளமா நட என்பாய். நடப்பேன், சுவர் போய்விடும். அடுப்படியில் கொடி படர்ந்திருக்கும். இல்லம்மா. தெருவில் ஆட்டு மந்தை. இருக்குதும்மா, ஓரமா நில்லு. ஒரு தடவை மோட்டார் கொட்டகை வாசலில் சுருட்டிவைத்த கயிறு மாதிரி ஒன்று. பந்தியும் சுவரும் பார்த்துப் பழகியவளுக்கு அதில் பயமே வரவில்லை, மிதித்துக்கொண்டு போயிருப்பேன். ஏதோ தோன்றி உனக்குப் போட்டேன். "அங்கியே நில்லும்மா. அசையாத. அது இருக்குது" என்றாய். உன் குரல் வெளிறிப்போயிருந்தது. அது தானாக நெளிந்து வேலிக்குள் போகிறவரைக்கும் போனிலேயே இருந்தாய். அன்றைக்கு நீ என் உயிரைக் காப்பாற்றினாய். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு தெளிவு வந்தது, தம்பி. காலேஜ் நாளில் நீ கேட்ட கேள்விக்கு எனக்கே ஒரு பதில் கிடைத்துவிட்டதாக நினைத்தேன். ஒருத்தி தனியாகப் பார்த்தால் அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய் என்றால் அது இருக்கிறது. அவ்வளவுதான் உலகம். என் கண் போனால் என்ன, என் பிள்ளை கண் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கினேன். உனக்கு இதை ஒரு நாள் சொல்ல வேண்டும், உன் கேள்விக்கு அம்மா பதில் கண்டுபிடித்துவிட்டாள் என்று சொல்லிக் கிண்டல் செய்ய வேண்டும் என்று வைத்திருந்தேன். வெட்கக்கேடு.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். காலை வெயில். மல்லாட்டை பூ விட்டிருந்தது. நான் கொல்லையின் இந்தக் கோடியில் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோடியில், பனைமரத்தடியில், ஆட்கள் நிற்பது தெரிந்தது. இரண்டு பேர் குனிந்து எதையோ இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் நீலச் சட்டை. ஒரு காலைத் தூக்கி வரப்பின்மேல் வைத்து, பிடரியைச் சொறிந்துகொண்டு நின்றான். முகம் எனக்கு எங்கே தெரியும். நிற்கிற விதத்தைப் பார்த்தேன். பெற்றவளுக்கு அது போதும். அதோடு ஒரு சிரிப்புச் சத்தமும் கேட்டது, விக்கல் எடுப்பது போல விட்டுவிட்டு நீ சிரிக்கிற சிரிப்பு. எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. என் பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறான் என்று. அப்புறம்தான், இதுவும் அந்த வேலையாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நீதானே பழக்கியிருக்கிறாய். போனை எடுத்து உன் படத்தை அமுக்கினேன்.

வீடியோவைக் கட் செய்தாய். அடுத்த நிமிஷமே வெறும் போனாகக் கூப்பிட்டாய். மீட்டிங்கில் இருக்கிறேன், வீடியோ முடியாது, என்ன விஷயம் என்று தணிந்த குரலில் கேட்டாய். "நீ நம்ம கொல்லையில நிக்கற மாதிரி தெரியுது தம்பி" என்றேன். பிறகு சொன்னாய்: "நான் பெங்களூர்லதாம்மா இருக்கேன். அது உன் கண்ணு பண்ற வேலை. அங்க போவாத. திரும்பி வீட்டுக்குப் போ." சரி என்றேன். கொல்லையில் நின்றவனும் கையைக் காதில் வைத்திருந்தான். பாரேன், இந்த மூளைக்கு எவ்வளவு கெட்டிக்காரத்தனம், நீ பேசுவதைக் கேட்டதும் அவன் காதிலும் ஒரு போனை வைத்துவிட்டதே என்று அதிசயப்பட்டேன். அந்த நேரம் பார்த்துப் பனைமரத்துப் பக்கம் ஒரு மயில் அகவியது. கொல்லையிலும் கேட்டது, போனுக்குள்ளேயும் கேட்டது. பெங்களூரிலும் மயில் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, உனக்கு முதுகைக் காட்டி வீட்டுக்கு நடந்தேன். நீ அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பாய்.

எப்போதும் நேரா நட என்று சொல்கிறவன் அன்றைக்கு மட்டும் ஏன் திரும்பிப் போ என்றான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. சத்தம் வராது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், சத்தம் வந்தது. தெரிந்த ஆள் வருவது அபூர்வம் என்றார், பெற்ற பிள்ளையே வந்து நின்றான். இத்தனையும் நானே எடுத்து வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நீ இல்லை என்று சொன்னாய், அதனால் இல்லை. கண் சொன்னதைத் தள்ளினேன், காது சொன்னதைத் தள்ளினேன், டாக்டர் சொன்னதையும் தள்ளினேன். அத்தனைக்கும் மேலே உன் வார்த்தையைத் தூக்கி வைத்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அழுகை வந்தது. இனி சொந்த முகங்களும் வரத் தொடங்கிவிட்டன, சத்தமும் சேர்ந்துகொண்டது, நோய் முற்றிவிட்டது என்று அழுதேன். அன்றிலிருந்து உப்பு டப்பாவைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் திறந்தேன். அஞ்சலை பேசினால் அவள் கையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். அவளும் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினாள்.

மல்லாட்டை பிடுங்கி முடித்துக் கொல்லை காலியாகக் கிடந்த ஒரு நாள், மாட்டை ஓட்டிவரப் போனேன். வெறுந்தரையில் வரிசை வரிசையாகக் கல். மஞ்சள் பூசிய கல், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி, கோடு போட்ட மாதிரி நேர் வரிசை. இப்படி ஒழுங்காக அடுக்கி வைப்பதெல்லாம் என் மூளையின் வேலைதான், பந்தியில் பார்த்திருக்கிறேனே. உன்னைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம், மீட்டிங்கில் இருப்பாய் என்று நினைத்தேன். நீ சொல்லிக்கொடுத்தபடி பயப்படாமல் நேராக நடந்தேன். போய்விடும் என்று நம்பிக் காலை வீசித்தான் நடந்தேன். கால் கட்டைவிரல் மோதி நகம் பெயர்ந்து, குப்புற விழுந்து, கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு விட்டுப்போனது. வலியைவிட முதலில் வந்தது ஆச்சரியம். கிடந்தபடியே அந்தக் கல்லைத் தடவித் தடவிப் பார்த்தேன். வீட்டுமனைக்காரர்கள் நடுகிற கல். இருந்தது, தம்பி. நன்றாகவே இருந்தது.

அஞ்சலைதான் அவள் மகன் ஆட்டோவில் ஏற்றித் திண்டிவனத்துக்குக் கொண்டுபோனாள். கட்டுப் போட்டு முடித்து, ஆஸ்பத்திரி வாசல் மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நான் கல்லை நட்டது எந்தப் பாவி என்று திட்டிக்கொண்டிருந்தேன். அவள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இன்னாக்கா ஒண்ணுமே தெரியாத மாதிரி பேசற. மல்லாட்ட பூ வுட்டப்பவே தம்பி ஆளுங்கள கூட்டிக்கினு வந்து டேப்பு புடிச்சி அளந்துச்சே. நான் அந்தாண்ட களை எடுத்துக்கினு இருந்தேன். நல்லா இருக்கீங்களா அக்கான்னு எங்கிட்ட கேட்டுச்சி. அம்மாகிட்ட நானே சொல்றேன், நீங்க எதுவும் சொல்லிக்காதீங்கன்னுச்சி. சொல்லியிருக்கும்னு இருந்துட்டேன்."

நீலச் சட்டையா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். இருந்தது.

அங்கிருந்தே உனக்குப் போன் போட்டேன். கை உடைந்ததைக் கேட்டுப் பதறினாய், அது நடிப்பில்லை, அதை நான் சொல்ல மாட்டேன். பிறகு கேட்டேன். அன்றைக்கு வந்தது நீதானே என்று கேட்டேன். கொல்லையை விற்க ஏற்பாடு செய்திருப்பதை ஒத்துக்கொண்டாய், சொல்லலாம் என்றுதான் இருந்தேன் என்றாய். ஆனால் நீ வரவில்லையாம். புரோக்கர் அனுப்பிய ஆட்கள் வந்திருப்பார்களாம். "அஞ்சலக்கா வேற யாரையாவது பாத்திருப்பாங்கம்மா. உனக்கு இப்ப எல்லாமே குழம்புது. அதுக்குத்தான் சொல்றேன், எங்கூட வந்துடு" என்றாய். அடப்பாவி. என் கண்ணைக் கெடுத்தது போதாமல் அவள் கண்ணையும் கெடுக்கப் பார்த்தாயே. அவள் ஊசியில் நூல் கோத்துக்கொடுப்பாள் எனக்கு.

நிலத்துக்காக நான் இப்படிப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் அப்பா போனதும் நானே கையெழுத்துப் போட்டு உன் பெயருக்கு மாற்றிக்கொடுத்தேன். விற்றுத் தொலை. இந்தப் பக்கம் ரோட்டோரத்தில் யார்தான் விற்கவில்லை. அம்மா, எனக்குப் பணம் வேண்டும், விற்கிறேன் என்று வாசலில் வந்து நின்று சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதிருப்பேன், ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். அந்த ஒரு வாரத்துக்குப் பயந்துகொண்டு நீ என்ன செய்தாய் தெரிகிறதா? அம்மா அழக்கூடாது என்று நினைத்தேன் என்று உன் மனைவியிடம் சொல்லியிருப்பாய், அவளும் பாவம் நம்பியிருப்பாள். ஒரு பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான். மீட்டிங் என்று சொன்னாயே, அது அந்த மாதிரிப் பொய், அதை நான் மன்னித்தாகிவிட்டது. ஆனால் நான் கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்ல என் நோயையே எடுத்துப் பிடித்தாயே, அதுதான் எனக்கு வயிறு எரிகிறது. என் கண் பொய் சொல்கிறது என்றால் அதற்கு நோய். உனக்கு என்ன வந்தது? உனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறான். அவன் ஒரு நாள் கண்ணால் கண்டதை உன்னிடம் வந்து சொல்வான், அது உனக்குச் சங்கடமான விஷயமாகவும் இருக்கும். அப்போது அவனிடம் நீ பார்த்தது சரி என்று சொல். அதற்கு மேல் அடி, திட்டு, என்ன வேண்டுமானாலும் செய். பார்க்கவே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் புத்தகத்தில் இது இருந்ததா என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படலாம் என்று நீ சொன்னபோது வேடிக்கையாக இருந்தது, ஏனென்றால் பேசி முடித்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து களி தின்றோம். நிஜமாகச் சந்தேகம் வந்தால் அது ஒரு இடத்தோடு நிற்பதில்லை. முன்னுக்கும் போகிறது, பின்னுக்கும் போகிறது. மோட்டார் கொட்டகையில் அன்றைக்குப் பாம்பு இருந்ததா என்று இப்போது யோசிக்கிறேன். நான் கொல்லைக்குப் போவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக அப்படிச் சொன்னாயோ? இல்லை என்று சொன்ன சுவர்கள் எல்லாம் இல்லாமல்தான் இருந்தனவா? சுவர் வழியாக நடந்துதான் போனேன், தெரியும், இருந்தும் யோசிக்கிறேன். பைத்தியம் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதைக்கூட நீ தனியாகப் போய் அவரிடம் பேசிவிட்டு வந்து சொல்லவைத்தாயோ என்று ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். பார், எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறாய். பெங்களூரில் எனக்குத் தெரு தெரியாது, பாஷை தெரியாது, கதவைத் தட்டுகிறவர் யார் என்று தெரியாது. அங்கே எல்லாமே உன் வாயால் கேட்டுத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். எப்படி வரச் சொல்கிறாய்?

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் இவ்வளவு தாள் ஆனது. உன் அப்பா விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு விட்டபோது நான் பக்கத்தில் இல்லை. வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தேன். நீதான் இருந்தாய். நான் பிளாஸ்க்கோடு படியேறி வந்தபோது நீ வராந்தாவில் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டு, அப்பா போகும்போது ஒன்று சொன்னார் என்றாய். "அவ என்னை நல்லா பாத்துக்கினா, அவகிட்ட சொல்லு" என்று சொன்னார் என்றாய். அந்த மனுஷன் வாழ்ந்த காலத்தில் என்னைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. குழம்பு நன்றாக இருந்தால் இரண்டாவது தடவை கேட்பார், அவ்வளவுதான் அவர் பேச்சு. அப்படிப்பட்டவர் போகிற நேரத்தில் இதைச் சொன்னார் என்று நீ சொன்னாய், நான் அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் தனி வீட்டில் இருந்தேன். கண் போனபோதும் அதுதான் இருந்தது. பந்தி வந்து வாசலை அடைத்துக்கொண்டபோதும் அதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அதைக் கேட்டது நீ ஒருத்தன்தான். வேறு காது இல்லை, வேறு கண் இல்லை, எந்தக் கேமராவைத் திருப்பிக் காட்டியும் பார்க்க முடியாது. யோசித்துப் பார்த்தால் அது அவர் பேசுகிற மாதிரியும் இல்லை. அம்மா அழக்கூடாது என்று நீ பேசுகிற மாதிரி இருக்கிறது.

அதனால், கட்டுப் பிரிக்கிற அன்றைக்கு வா. வீடியோ வேண்டாம், நேரில் வா. வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குக் கொல்லையில் நின்றது நான்தாம்மா என்று சொல். சொன்னதும் திட்டுவேன், தெருவே கூடுகிற மாதிரி திட்டுவேன், அதற்குத் தயாராக வா. திட்டி ஓய்ந்த பிறகு, உன் அப்பா கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்பேன். ஒன்றுமே சொல்லவில்லை என்றாலும் அதைச் சொல்லிவிடு.